வதோதராவின் சுவர்கள்

வதோதரா என்னும் ஊர்ப்பெயருக்குள் ஓர் ஆலமரம் இருக்கிறது. வடமொழியில் 'வட' என்றால் ஆல். ஆலமரங்களின் வயிற்றில் அமைந்த ஊர் என்று அப்பெயரை விளக்குவது வழக்கம். திருவாலங்காட்டு இறைவனை வடாரண்யேசுவரர் என்று வணங்கும் நமக்கு இச்சொல் புதிதன்று. இந்தப் பெயர்ப்பொருளுக்குக் கல்லில் உருக்கொடுத்தவர் சிற்பி நாக்ஜி படேல் (1937-2017). பதேகஞ்ச் பகுதியின் சாலைச் சந்திப்பில் அவருடைய ஆலமரச் சிற்பங்கள் பல ஆண்டுகள் நகரின் அடையாளமாக நின்றன. பின்னர் அங்கே மேம்பாலம் வந்தது, சிற்பங்கள் அகற்றப்பட்டன.

நகர நிர்வாகத்தின் அக்கறையின்மை என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நிகழ்ந்ததை வரலாற்று நோக்கில் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. சாலையோரத்திலும் மண்டபச் சுவரிலும் அரங்கின் முகப்பிலும் நிற்கும் கலைப்படைப்பு நம் நாட்டில் எந்த ஏட்டில், எந்தத் தலைப்பின்கீழ்ப் பதிவாகிறது? அருங்காட்சியகப் பொருளுக்குப் பதிவெண் உண்டு. கோயிற் சிற்பத்துக்குத் தொல்லியல் அறிக்கை உண்டு. இவ்விரண்டிலும் சேராத 20ஆம் நூற்றாண்டுப் பொதுக்கலைக்கு என்ன உண்டு? இக்கேள்விக்கு விடை தேட வதோதராவைவிடப் பொருத்தமான ஊர் அரிது. ஏனெனில் கலைக்கு இடமளிப்பதை ஓர் அரசக் கொள்கையாகவே கொண்டிருந்த நகரம் அது.

அக்கொள்கையின் தொடக்கத்தில் தமிழகத்துடன் ஒரு தொடர்பும் உண்டு. சிறுவயதிலேயே அரியணை ஏறிய மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாடின் காலத்தில் 1875 முதல் 1882 வரை திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். அதற்குமுன் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்த அவர் வழியாகவே இரவிவர்மாவுக்குப் பரோடாவின் வாயில் திறந்தது. இரவிவர்மா 1888இல் ஏற்றுக்கொண்ட பணியின் விளைவான 14 புராண ஓவியங்கள் கலைவரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டவை. லட்சுமி விலாஸ் அரண்மனைக்குச் செல்வோர் அவற்றைத் தேடிப் பார்க்கின்றனர். சட்டமிட்ட ஓவியத்தைத் தேடிச் செல்லும் கண், அதே நகரில் அதே அரசகுலம் வரைவித்த சுவரோவியங்களைத் தேடிச் செல்வதில்லை.

அச்சுவரோவியங்கள் கீர்த்தி மந்திரில் உள்ளன. கெய்க்வாட் அரசகுலத்தில் மறைந்தோரின் நினைவாகச் சயாஜிராவ் 1930களில் எழுப்பிய நினைவு மண்டபம் அது. அதன் மைய மண்டபத்தின் நான்கு சுவர்களுக்கு ஓவியம் தீட்ட அவர் அழைத்தது சாந்திநிகேதனத்துக் கலாபவனின் தலைவர் நந்தலால் போஸை. 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு உழவர், கொல்லர், இசைவாணர் எனக் கிராம வாழ்வை 80க்கும் மேற்பட்ட ஓவியங்களில் தீட்டியவர் அவர். அடுத்த ஆண்டே ஓர் அரசகுல நினைவிடத்தின் சுவரில் அவருடைய தூரிகை பட்டது. 1939இல் கங்காவதரணம், 1940இல் மீராபாயின் வாழ்வு, 1943இல் 'நடீர் பூஜா', 1945-46இல் அபிமன்யு வதம் என நான்கு சுவர்களும் ஏழாண்டுக் கால இடைவெளியில் நிறைந்தன. பணியைத் தொடங்கிவைத்த சயாஜிராவ் 1939 பிப்ரவரியில் மறைந்தார். ஆகவே பணியின் பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே நடந்தது. உலகப்போரும் வங்கப் பஞ்சமும் அதே ஆண்டுகளில் நிகழ்ந்தன.

இந்த நான்கு பொருள்களையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். தன் முன்னோரின் சாம்பல் கங்கையில் நனைந்து நற்கதி பெறத் தவமிருந்த அரசன் பகீரதன். நினைவு மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. ஆனால் எஞ்சிய மூன்றும் அரசகுலப் பெருமையைப் பாடுவன அல்ல. மீரா அரண்மனையைத் துறந்து வெளியேறியவள். தாகூரின் நாடகமான 'நடீர் பூஜா'வில், வழிபாடு தடைசெய்யப்பட்ட பௌத்தத் தூபியின்முன் ஆடுமாறு பணிக்கப்படும் அரசவை நடனப்பெண், அந்த ஆடலையே வழிபாடாக்கி உயிரை இழக்கிறாள். அபிமன்யுவோ, போர் அறத்தைக் கைவிட்ட பெருவீரர் பலர் சூழ்ந்து கொன்ற இளைஞன். அரசகுலத்தார் தம் முன்னோருக்கு எழுப்பிய மண்டபத்தில், அதிகாரத்தை விட்டு விலகியவளும் அதனால் கொல்லப்பட்டவர்களும் மூன்று சுவர்களில் நிற்கின்றனர். இதை ஓவியரின் திட்டமிட்ட எதிர்க்குரல் என்று கூறச் சான்று வேண்டும். ஆயினும் விடுதலைக்கு முந்தைய பத்தாண்டில் ஒரு சமஸ்தானத்தின் நினைவுச்சின்னத்துக்குள் இத்தகைய பொருள்வரிசை இடம்பெற்றது என்பதே ஆய்வுக்குரிய செய்தி. நந்தலாலைப் பற்றிப் பேசும்போது ஹரிபுரா ஓவியங்களையும் அரசமைப்புச் சட்ட மூலப்படியின் பக்க அலங்காரங்களையும் குறிப்பிடுகிறோம். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாலமாகிய இச்சுவர்களுக்கு வரும்போது நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளோடு நகர்ந்துவிடுகின்றன.

இதே நகரின் பழைய பகுதியில் தாம்பேகர் வாடா என்னும் மரவேலைப்பாடு மிக்க மராத்திய மாளிகை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரோடாவின் திவானாக இருந்த தாம்பேகரின் இல்லம் அது. அதன் உட்சுவர்களில் கண்ணன் கதையும் இதிகாசக் காட்சிகளும் ஐரோப்பிய உருவங்களும் போர்க்காட்சிகளும் நெருக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. ஊர்த்தெருவுக்குள் ஒடுங்கியிருந்தாலும் இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதற்கு அடிப்படைக் காரணம் அதன் வயது.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் நிலைத்திருந்ததையே தொல்சின்னம் என்று வரையறுக்கிறது. கீர்த்தி மந்திரின் முதற்சுவர் அந்த வயதை எட்ட 2039 வரை காத்திருக்க வேண்டும். கடைசிச் சுவர் 2046 வரை. நூற்றாண்டு நிறையாத படைப்புகளுக்கென்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தில் 'கலைச்செல்வம்' என்றொரு வகை உண்டு. அவ்வகையில் அறிவிக்கப்பட்ட ஒன்பது கலைஞர்களுள் நந்தலால் போஸும் ஒருவர். கேட்பதற்கு நிறைவளிக்கும் செய்திதான். ஆனால் அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் அத்தகைய படைப்புகள் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுப்பது. சுவரோவியம் எந்தக் கப்பலிலும் ஏறப்போவதில்லை. ஈரக்கசிவும் உப்புப் பூத்தலும் சுண்ணாம்புப் பூச்சின் உதிர்வுமே அதன் பகைவர்கள். ஏற்றுமதிக்கு எதிராக எழுதப்பட்ட சட்டத்தில் இவற்றுக்கு விடை கிடையாது. மேலும், உயிரோடிருக்கும் கலைஞரின் படைப்பைக் கலைச்செல்வமாக அறிவிக்கவும் அச்சட்டம் இடம்தரவில்லை.

இந்தக் கடைசி விதியின் விளைவை உணர வதோதராவின் அடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும். 1949இல் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் உருவாகி, 1950இல் அதன் நுண்கலைப் புலம் தொடங்கப்பட்டது. 1951இல் ஆசிரியராகச் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் (1924-2016), சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, பின்னர் சாந்திநிகேதனத்தில் நந்தலாலின் நிழலில் ஓவியம் கற்றவர். சுவர் என்பது அலங்கரிக்க வேண்டிய வெற்றிடம் என்று அவர் கருதவில்லை. மக்கள் கூடும் இடத்தின் மொழியாகவே அதைக் கண்டார். அந்த எண்ணத்தின் மிகப்பெரிய வடிவம் வதோதராவில் இல்லை, லக்னோவில் இருக்கிறது. தாகூர் நூற்றாண்டை ஒட்டி சார்பாக் இரயில் நிலையத்தின் அருகே எழுந்த ரவீந்திராலயா அரங்கின் வெளிச்சுவரில், 1962-63இல், 81 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்ட சுடுமண் புடைப்போவியத்தை அவர் அமைத்தார்.

அதன் கருப்பொருள் தாகூரின் 'ராஜா' நாடகம். இருளறையில் மட்டுமே சந்திக்கும் கணவனைக் கண்ணால் காண விரும்பும் அரசி, பகட்டான வேறொருவனை அரசன் என்று எண்ணி ஏமாறும் கதை அது. காண்பதற்கும் அறிவதற்கும் உள்ள தொலைவைப் பேசும் அப்படைப்பு, நாள்தோறும் இரயிலுக்கு விரையும் கூட்டத்தின் பார்வைக்கு எதிரேயே நிற்கிறது. கட்டடம் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். சுவரில் நிற்பது எவருடையது என்று கேட்பவர் சிலரே. பொதுக்கலை கண்ணுக்குத் தெரியாமற்போவது மறைவிடத்தில் இருப்பதால் அன்று. வேறொன்றின் பகுதியாக இருப்பதால் அதற்கெனத் தனிப்பெயர் அமைவதில்லை. அரங்கு, மண்டபம், சாலைச் சந்திப்பு ஆகியவை பதிவேறும். அவற்றின்மீது உள்ளது பதிவேறாது. பதிவில் இல்லாத ஒன்றைச் சீரமைப்புப் பணியின்போது அகற்றுபவருக்குத் தாம் எதை அகற்றுகிறோம் என்பதே தெரிவதில்லை.

இதன் உச்ச எடுத்துக்காட்டு நம் தலைநகரிலேயே நடந்தது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் உருவாக்கிய மாபெரும் வெண்கலப் புடைப்புச் சிற்பம் 1979இல் கட்டடச் சீரமைப்பின்போது கழற்றப்பட்டுக் கிடங்கில் சேர்ந்தது. அதில் சில பகுதிகள் சிதைந்தன; சில காணாமற்போயின. 1992இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு கலைஞருக்கு வழங்கும் தார்மிக உரிமையின் அடிப்படையில் 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கி, எஞ்சிய பகுதிகளையும் அவரிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. இந்தியக் கலைச்சட்ட வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. ஆயினும் இரண்டு வரம்புகளைக் கவனிக்க வேண்டும். இவ்வுரிமை கலைஞருக்கு உரியது. அப்படைப்போடு வாழ்ந்த மக்களுக்கு உரியதன்று. அடுத்து, ஒரு படைப்பைக் காட்சிக்கு வைக்கத் தவறுவது உரிமைமீறல் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கவுரை கூறுகிறது. சிதைத்தால் வழக்கு உண்டு. கவனியாது விட்டால் இல்லை.

வயதை நோக்கும் சட்டம், ஏற்றுமதியை நோக்கும் சட்டம், ஆசிரியரை நோக்கும் சட்டம் ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் விடுதலை இந்தியாவின் பொதுக்கலை நிற்கிறது. புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது ஆய்வாளர் வேலையன்று. சட்டத்துக்கு முன்னால் நிகழ வேண்டியது பதிவு. அது நம் கையில் இருக்கிறது.

அதற்கான முன்மாதிரியும் வதோதராவிலேயே உண்டு. அந்நகரின் கீழைக்கலை நிறுவனம் பல எழுத்துமுறைகளில் சிதறிக்கிடந்த வால்மீகி இராமாயணச் சுவடிகளைத் திரட்டி, பாடவேறுபாடுகளைச் சொல்சொல்லாக ஒப்பிட்டு, 1960 முதல் 1975 வரை ஆய்வுப்பதிப்பாக வெளியிட்டது. ஒரு சுவடியில் ஓர் எழுத்து மாறினாலும் அடிக்குறிப்பில் ஏற்றிய அந்த ஒழுக்கத்தை ஏன் ஒரு சுவருக்கும் காட்டக்கூடாது? யார் செய்தது, எப்போது, எப்பொருளில், யார் பணித்தது, கட்டடம் இன்று யாருடைய பொறுப்பில் உள்ளது, இப்போதைய நிலை என்ன ஆகிய ஆறு கேள்விகளுக்கு விடையும், அளவுகோலுடன் எடுத்த நிழற்படங்களும் போதும். ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்தில் ஓர் ஊரின் பொதுக்கலைப் பட்டியலைத் தொகுத்துவிடலாம். இரயில் நிலையம், அஞ்சலகம், பல்கலைக்கழகக் கட்டடம், ஆலை நுழைவாயில், பூங்கா என்று தொடங்கினால், நடுத்தர நகரம் எதுவும் வெறுங்கையோடு அனுப்பாது.

நகரம் மாறாமல் இருக்க வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. மேம்பாலம் தேவைப்படும் இடத்தில் சிற்பம் இடம்பெயரலாம். பழைய கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்த செம்பியன் மாதேவியார், திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். 10ஆம் நூற்றாண்டில் ஒரு திருப்பணியின் இயல்பான பகுதியாக இருந்த அந்தச் செயலைத்தான் இன்று நம் நகரங்களிடம் கேட்கிறோம். இடிப்பதற்கு முன் படியெடுக்க வேண்டும். படியெடுக்க வேண்டுமானால் அங்கே ஒன்று இருக்கிறது என்பது முதலில் ஏட்டில் ஏற வேண்டும்.