சிவி மன்னனும் மூதூர்ப் படகும்: இலங்கைக் கண்தான வரலாற்றை வாசிக்கும் முறை குறித்து

இலங்கைக் கண்தான இயக்கத்தின் தொடக்கத்தை, மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா 1958இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையில் வைப்பதா, 1961இல் கண்தானச் சங்கம் உருவானதில் வைப்பதா என்பது, இயக்கம் என்று எது கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆயினும் கருவிழிப்படல ஒட்டுக்கான சட்டம், பிரித்தானியாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1955இலேயே இங்கு வந்துவிட்டது. கண்ணின் முன்புறத்தில் ஒளியை உள்ளே விடும் தெளிவான படலமே கருவிழிப்படலம் எனப்படுகிறது.

இவ்வியக்கத்தின் பரவலை மானிடவியலாளர் பொப் சிம்ப்சன் 2004இல் வெளியிட்ட கட்டுரையில் பௌத்தத் தான மரபோடு இணைத்து வாசித்தார். பாளிச் சாதகக் கதைகளுள் 499ஆவதான சிவி சாதகத்தில், குருட்டு அந்தணனாக வந்த சக்கனுக்கு (இந்திரனுக்கு) மன்னன் தன் இரு கண்களையும் அளிக்கிறான். சீவகன் என்னும் மருத்துவன் அவற்றை அகற்றுகிறான். தென்னிலங்கையில் கண்தானம் புண்ணியச் செயலாக ஏற்கப்பட்டதை விளக்க இவ்வாசிப்பு பெரிதும் உதவுகிறது. தீவு முழுவதற்கும் அதை நீட்டும்போதுதான் இடர் எழுகிறது. தமிழ் மரபு அறிந்த சிபி, புறாவுக்காகத் தன் தசையை அறுத்துத் துலையில் வைத்த சோழ முன்னோன். அவன் கதையில் கண் இல்லை. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தவனாகப் போற்றப்படும் குளக்கோட்டனைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் மனுநீதிகண்ட சோழனின் மரபோடு இணைப்பதால், திருகோணமலைச் சைவர் நினைவில் நிலைபெறத்தக்கது இந்தத் தசைக்கொடைக் கதையே எனலாம். இச்சான்று மெலிந்தது; கோயில் மரபிலிருந்து வீட்டு நினைவை ஊகிப்பது அபாயமானதும்கூட. இருப்பினும் மறுதரப்பின் நிலை இன்னும் மெலிந்தது. கதையின் வலிமையே கொடையாளரை உருவாக்குமெனில், இறைவனுக்குக் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரைப் போற்றும் சமூகத்துக்குச் சாதகக் கதை தேவைப்பட்டிருக்காது. கண்ணப்பர் கதை அத்தகைய அமைப்பாகத் திரளவில்லை என்பதால், வேறுபாட்டின் காரணத்தைக் கதைகளுக்கு வெளியே தேடவேண்டியுள்ளது.

அந்தக் காரணம் நேரம். வெப்ப நாட்டில் இறப்புக்குப் பின் சில மணி நேரத்துக்குள் கண் அகற்றப்படவேண்டும். ஈரப் பெட்டியில் 4 பாகை செல்சியசில் வைத்தால் ஓரிரு நாள்களுக்கே பயன்படும். 1974இல் வந்த மக்கேரி-கௌஃப்மன் ஊடகம் அதை ஏறத்தாழ நான்கு நாள்களாக நீட்டியது. கொழும்பிலிருந்து 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் பனிக்கட்டிக் குடுவையில் வானூர்தி ஏறியிருக்க, கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரில் இறந்த ஒருவரின் கண் திருகோணமலைப் பட்டினத்தை அடையவே படகை நம்பவேண்டியிருந்தது. தரைவழியே வந்தாலும், கிண்ணியாவில் "பாதை" எனப்படும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டியிருந்தது. பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அதற்கு முந்தைய போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் பயண நேரத்தைக் கணிக்கமுடியாததாக்கின. விரைந்து நல்லடக்கம் செய்யும் முஸ்லிம்கள் திருகோணமலை மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகத்தினர் என்பதும் இங்கு கருதத்தக்கது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் பிக்ஹ் பேரவை 1988இல் நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றை அனுமதித்தபோதும், அத்தீர்ப்பால் அடக்க நேரம் நீளவில்லை.

பாதுகாப்புச் சிக்கல் இதனினும் கடினமானது. கருவிழிப்படல ஒட்டின் வழியே குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்னும் மூளைநோய் பரவியமை 1974இலும், விசர்நாய்க்கடி நோய் பரவியமை 1979இலும் பதிவாயின. ஆகவே குருதிச் சோதனையோடு, இறந்தவர் எதனால் இறந்தார் என்ற உறுதியும் தேவை. விசர்நோய் நிலவிய நாட்டில், தெளிவான நோய்க்குறிப்பின்றி வீட்டில் நேர்ந்த இறப்பு கொடைக்குத் தகுதியற்றதாகிவிடக்கூடும். ஏனைய உறுப்புகளையும் இழையங்களையும் உள்ளடக்கி 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் சம்மதத்தின் வரம்பை வகுத்தது. சம்மதம் இருந்தும் நோய்வரலாறு இல்லாத உடலை, மருத்துவமனையிலிருந்து தொலைவில் வைத்து எவ்வாறு மதிப்பிடுவது என்பது சட்டத்தின் சொற்களால் மட்டும் தீராதது. பாலம் வந்த பின்னும் இக்கேள்வி நீடிப்பதால், பயணத் தடையும் நோய்வரலாற்றுக் குறையும் கொடையை எந்த அளவில் தனித்தனியே மட்டுப்படுத்தின என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.