வயிறு கலங்காத சிப்பாய்

1915. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, மல மாதிரிகளில் டைபாய்டு கிருமிகளைக் கலந்து தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாலான தட்டுகளில் கிருமி செழித்தது. சில தட்டுகளில் மட்டும், போட்ட கிருமி போன இடம் தெரியவில்லை. யாரோ அதைத் தீர்த்துக்கட்டியிருந்தார்கள்.

சந்தேகம் ஈ-கோலை மேல் விழுந்தது. 1885இல் தியோடர் எஷரிக் கண்டறிந்த, எல்லார் குடலிலும் குடியிருக்கும் சாதாரண பாக்டீரியா அது. சிலர் வயிற்றில் அது சாது; வேறு சிலர் வயிற்றில் வந்த கிருமியை விரட்டும் சூரன். அந்தச் சூரனைத் தனியே பிடித்தால் மருந்தாக்கிவிடலாம். ஆனால் யார் வயிற்றில் தேடுவது?

விடையைப் போர் கொண்டுவந்தது. பால்கன் பகுதியின் தொப்ருஜாவில் ஜெர்மன் படையினரைச் சீதபேதி சாய்த்துக்கொண்டிருந்தது. சகாக்கள் பலர் படுத்துவிட, ஒரு வீரனுக்கு மட்டும் வயிற்றில் சின்ன உபாதைகூட இல்லை. 1917இல் ஃப்ரைபர்க் அருகே ராணுவ மருத்துவமனையில் இருந்த அவனுடைய மலத்தை வாங்கிச் சோதித்தார் நிஸ்லே. தேடிய சூரன் அதில் இருந்தான். ஆனால் மலத்திலிருந்து எடுத்ததை நோயாளி வாயில் எப்படிப் போடுவது?

பாக்டீரியாவை அகார் தட்டில் வளர்த்து, ஜெலட்டின் உறைக்குள் அடைத்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்தார் நிஸ்லே. ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு அந்த மருந்துக்கு ‘மியூட்டாஃப்ளோர்’ என்ற பெயர் பதிவானது. பின்னாளில் ஹிட்லரின் வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவர் மோரல் எழுதிக்கொடுத்ததும் இதைத்தான். இவ்வளவு தூரம் போன மருந்துக்கு அடுத்து வந்தது சோதனைக்காலம்.

ஆன்டிபயாடிக் யுகம் பிறந்தது. கிருமியைக் கொல்வதே மருத்துவம் என்றான பிறகு, கிருமியையே விழுங்கச் சொல்லும் வைத்தியத்தை யார் மதிப்பார்கள்? 1965இல் நிஸ்லே இறந்தார். அவர் வளர்த்த பாக்டீரியா மட்டும் சாகவில்லை.

2004இல் பெருங்குடல் புண் அழற்சி தணிந்திருந்த 327 பேரிடம் அந்தப் பாக்டீரியாவை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு வெளியானது. ஓராண்டில் நோய் திரும்பியவர்கள், வழக்கமான மெசலசின் மருந்து எடுத்தவர்களிலும் சரி, பாக்டீரியா எடுத்தவர்களிலும் சரி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். பாக்டீரியா மருந்துக்குச் சமமாக நின்றது. எதைக் கொண்டு?

பகைக் கிருமியைக் கொல்லும் மைக்ரோசின் என்ற சிறு புரதங்கள் அதனிடம் இருந்தன. குடலில் கிடைக்கும் இரும்புச்சத்தை முந்திக்கொண்டு சுருட்டி, எதிரியைப் பட்டினி போடவும் அதற்குத் தெரிந்தது. இவற்றையும் மிஞ்சிய வித்தை குடல் சுவரில் நடந்தது. நீந்த உதவும் அதன் கசையிழையில் உள்ள புரதத்தை அடையாளம் கண்டதும், மனிதச் செல்கள் தாமாகவே டிஃபென்சின் என்ற கிருமிநாசினியைச் சுரந்தன. சூரன் தனியாகச் சண்டை போடவில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலையும் உசுப்பிவிட்டான்.

பெயர் தெரியாத அந்தச் சிப்பாயின் குடலிலிருந்து வந்த பாக்டீரியா, ‘ஈ-கோலை நிஸ்லே 1917’ என்ற பெயரில் இன்றும் ஜெர்மனியின் மருந்துக் கடைகளில் மாத்திரை உறைக்குள் உயிரோடு விற்பனையாகிறது.