காட்பர் வழக்கு

காட்பர் வழக்கு என்பது பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த ஹாங்காங்கில் 1973ஆம் ஆண்டு வெளிவந்த காவல்துறை ஊழல் வழக்கு ஆகும். குற்றம் சாட்டப்பட்ட உயர் அதிகாரி பீட்டர் காட்பர் இங்கிலாந்துக்குத் தப்பினார். அவரைத் திரும்பக் கொண்டுவர ஓராண்டுக்கு மேல் முயற்சி நடந்தது. எல்லை கடந்த ஊழலை ஒடுக்கக் காவல்துறைகளின் ஒத்துழைப்பு மட்டும் போதாது, இரு நாட்டுச் சட்டங்களும் ஒரே செயலைக் குற்றமாகக் கருத வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சீனாவிலிருந்து வந்தவர்களால் ஹாங்காங்கின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. வீடும் மருத்துவமும் பிற பொதுச் சேவைகளும் தேவைக்குப் போதவில்லை. பற்றாக்குறை இருந்த இடமெல்லாம் கையூட்டு நுழைந்தது. நோயாளிக்குக் குடிநீர் கொடுக்க மருத்துவமனை ஊழியர்களும், தண்ணீர்க் குழாயைத் திறக்கத் தீயணைப்பு வீரர்களும் 'தேநீர்ப் பணம்' கேட்டனர். சூதாட்டக் கூடங்களிலும் போதைப்பொருள் கும்பல்களிடமும் மாமூல் வசூலித்துப் பங்கிடும் குழுக்கள் காவல்துறையில் இயங்கின. ஊழலை விசாரிக்கும் பிரிவும் அதே காவல்துறைக்குள்தான் இருந்தது.

1971இல் நடைமுறைக்கு வந்த கையூட்டுத் தடுப்புச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து வைத்திருக்கும் அரசு ஊழியர் அதற்குத் தகுந்த விளக்கம் தராவிட்டால், அதுவே குற்றம் என அச்சட்டம் கூறியது.

தப்பியோட்டம்

ஓய்வு பெறவிருந்த தலைமைக் கண்காணிப்பாளர் காட்பரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பதை விசாரணை அதிகாரிகள் கண்டறிந்தனர். அது இருபது ஆண்டுகளாக அவர் பெற்ற மொத்தச் சம்பளத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. 1973 ஜூன் 4 அன்று அவரிடம் ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்கப்பட்டது. ஜூன் 8 அன்று தம் காவல்துறை அனுமதி அட்டையைக் காட்டி, குடியேற்றச் சோதனையைத் தவிர்த்து, கை தக் விமான நிலையத்தில் விமானம் ஏறி இங்கிலாந்து சென்றார்.

சட்டச் சிக்கல்

ஹாங்காங் பிரித்தானியக் குடியேற்ற நாடாகவே இருந்தும், காட்பரை உடனே திரும்பப் பெற முடியவில்லை. தப்பியோடியவரை ஒப்படைக்க, அவர்மீது கூறப்படும் குற்றம் இங்கிலாந்திலும் குற்றமாக இருக்க வேண்டும். இது 'இரட்டைக் குற்றத்தன்மை' எனப்படும். விளக்கமற்ற சொத்து வைத்திருப்பது இங்கிலாந்தில் குற்றமல்ல. ஆகவே சொத்துக்கணக்கு கையிலிருந்தும் அது பயன்படவில்லை.

மக்கள் கொதித்தெழுந்தனர். 'ஊழலை எதிர்ப்போம், காட்பரைப் பிடிப்போம்' என்ற முழக்கத்துடன் மாணவர்களும் இளைஞர்களும் விக்டோரியா பூங்காவில் திரண்டனர். நீதிபதி அலஸ்டர் பிளேர்-கெர் தலைமையிலான விசாரணையின் அறிக்கையைத் தொடர்ந்து, ஊழல் விசாரணையைக் காவல்துறையிடமிருந்து பிரிக்க ஆளுநர் மரே மெக்லஹோஸ் முடிவு செய்தார். 1974 பிப்ரவரி 15 அன்று சுயேச்சையான ஊழல் தடுப்பு ஆணையம் தொடங்கப்பட்டது. விசாரணை, ஊழல் வராமல் தடுத்தல், மக்கள் தொடர்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் அமைந்தன.

ஒப்படைப்பும் தண்டனையும்

ஆணையம் வேறு வழியைத் தேடியது. கையூட்டு வாங்குவது இங்கிலாந்திலும் குற்றம். காட்பர் 25,000 ஹாங்காங் டாலர் வாங்கிக்கொண்டு, மற்றோர் அதிகாரி வான் சாய் பகுதிப் பொறுப்பைப் பெற உதவினார் என்பதற்கான சாட்சியம் கிடைத்தது. அதன் அடிப்படையில் 1974 ஏப்ரலில் அவர் இங்கிலாந்தில் கைது செய்யப்பட்டார். நீண்ட நீதிமன்ற நடவடிக்கைக்குப் பின், 1975 ஜனவரி 7 அன்று ஹாங்காங்குக்குக் கொண்டுவரப்பட்டார். பிப்ரவரியில் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவருடைய பெரும் சொத்து பற்றிய குற்றச்சாட்டு விசாரணைக்கே வரவில்லை.

எல்லோரும் இப்படிப் பிடிபடவில்லை. பெரும் செல்வம் சேர்த்ததாகக் கூறப்பட்ட காவல் அதிகாரி லூய் லோக் கனடாவுக்கும் பின்னர் தைவானுக்கும் சென்றார். ஹாங்காங் நீதிமன்றம் அவரைக் கடைசிவரை காணவில்லை.

பன்னாட்டு ஏற்பாடுகள்

1923இல் வியன்னாவில் தோன்றிய இன்டர்போல், நாடுகளின் காவல்துறைகளிடையே தகவல் கொண்டு செல்லும் அமைப்பாகும். அதற்குத் தனிக் கைது அதிகாரம் இல்லை. அதன் 'சிவப்பு அறிவிப்பு' ஒருவர் தேடப்படுவதைத் தெரிவிக்கும். அவரைப் பிடிப்பதும் ஒப்படைப்பதும் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவை.

இந்த இடைவெளியைக் குறைக்கவே 2003இல் ஐக்கிய நாடுகளின் ஊழலுக்கு எதிரான உடன்படிக்கை உருவானது. குற்றத்தின் பெயர் இரு நாடுகளில் வெவ்வேறாக இருந்தாலும், அடிப்படைச் செயல் இரண்டிலும் குற்றமானால் போதும் என்று அது கூறுகிறது. வட்டார அளவில், புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் ஊழல் தடுப்பு அமைப்புகள் 2004 டிசம்பரில் ஜகார்த்தாவில் ஒத்துழைப்பு உடன்பாடு செய்தன. தென்கிழக்காசியாவின் பிற நாடுகள் பின்னர் அதில் இணைந்தன.

ஆனால் காட்பர் தப்பப் பயன்பட்ட சந்து முழுதும் அடைபடவில்லை. வருமானத்துக்கு மீறிய சொத்துச் சேர்ப்பைக் குற்றமாக்குவது குறித்து நாடுகள் 'பரிசீலிக்க வேண்டும்' என்று மட்டுமே ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. இந்தியாவின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் இது குற்றம். பிரித்தானியா 2017இல் கொண்டுவந்த சட்டமோ, விளக்கமற்ற சொத்துக்குக் கணக்குக் கேட்கவும் அதை மீட்கவும் வழி செய்கிறதே தவிர, வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்கவில்லை.