தபால் ஆபீஸ் மேகத்துக்குப் போன கதை: பில் எவ்வளவு?



ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் தூக்கி கிளவுடில் வைத்தால் செலவு மிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவே மிச்சம்தானா? வெளிநாட்டுக் கம்பெனி உதாரணமெல்லாம் வேண்டாம். திண்டுக்கல் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கிராமக் கிளைகள் வரை பார்த்த கதையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இருந்தது 'மேகதூத்'. மைசூர் அஞ்சல் பயிற்சி மையத்தில் துறையே எழுதிக்கொண்ட மென்பொருள். சேமிப்புக் கணக்குகளுக்கு 'சஞ்சய் போஸ்ட்' என்று இன்னொன்று. மேகம் பெயரில் மட்டும்தான்! தகவல்கள் அந்தந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. திண்டுக்கல்லில் தொடங்கிய கணக்கில் பழனியில் பணம் எடுக்க முடியாது.

இதை மாற்ற 2012-ல் மத்திய அரசு 4,909 கோடி ரூபாய் ஒதுக்கியது. அன்றைய சுமார் 1.55 லட்சம் தபால் நிலையங்களுக்கு வகுத்தால் ஆபீசுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். சேமிப்பு வங்கி இன்ஃபோசிஸின் ஃபினாக்கிளுக்குப் போனது. தபால், கணக்கு, ஊழியர் நிர்வாகம் ஆகியவற்றுக்கு 2013-ல் டிசிஎஸ் சுமார் 1,100 கோடிக்கு ஒப்பந்தம் பெற்றது. 2017 டிசம்பரில் வந்த 'தர்பண்' திட்டத்தில் கிராமக் கிளைகளுக்குக் கைக்கருவி கிடைத்தது.

ஆனால் பெரிய செலவு ஒன்று இந்தக் கணக்கில் சரியாகத் தெரியாது. பழைய தகவலைச் சுத்தம் செய்யும் வேலைதான் அது. பெயர், பிறந்த தேதி, கையெழுத்து, பாக்கித் தொகை என ஒவ்வொரு கணக்கையும் லெட்ஜரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் பிசகினாலும் அது யாரோ ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கவுண்டர் வேலையோடு சேர்த்து இதையும் செய்தவர்கள் ஊழியர்கள்தான்.

அடுத்த மாற்றம் 2025-ல். சுமார் 5,800 கோடி முதலீட்டில் ஐ.டி. 2.0. டிசிஎஸ் அமைத்த அமைப்பின் இடத்துக்கு மைசூருவில் துறையே உருவாக்கிய ஏ.பி.டி. வந்தது, அரசின் 'மேகராஜ்' கிளவுடில் ஓடுகிறது. சுற்றிச் சுற்றி மறுபடி மைசூர்! 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி. பகுதி பகுதியாக மாற்றி, மாறும் முன் ஒரு நாள் பரிவர்த்தனை நிறுத்தம். ஆகஸ்ட் 4-ம் தேதி நாடு முழுக்க 1.65 லட்சம் அலுவலகங்களிலும் நடைமுறைக்கு வந்தது. ஆபீசுக்கு சுமார் மூன்றரை லட்சம். தொடக்க நாட்களில் பல ஊர்களில் சர்வர் மெதுவாகி, கவுண்டர்களில் வரிசை நீண்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

இதில் என்ன தெரிகிறது?

ஒன்று, சர்வர் வாடகை செலவின் ஒரு பகுதிதான். தகவல் சுத்தம், பயிற்சி, நின்றுபோன நாள், நெட்வொர்க் எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான பில். கிராமத்தில் சிக்னல் போனால் கிளவுட் இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டு, மென்பொருள் யார் கையில் இருக்கிறது என்பதும் பணம்தான். அடுத்தவர் கையில் இருந்தால் சின்னத் திருத்தத்துக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அப்படியானால் இந்த மாற்றமே வீணா? இல்லை. திண்டுக்கல் பாஸ்புக்கோடு இன்று பழனியில் பணம் எடுக்கலாம். அந்த வசதிக்கு விலை உண்டு. அதை முதலிலேயே முழுசாக எழுதிக் காட்டிவிட்டு மேகத்துக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?