இரேனியஸ் ஐயரும் இரண்டாகப் பிரிந்த சபையும்

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டுக் கிறித்தவர்களைப் பற்றிப் பேசும்போது வீரமாமுனிவர், போப், கால்டுவெல் என்னும் மூன்று பெயர்களோடு நம் பாடநூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. காவியம் செய்தவர், திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தவர், மொழிக்குடும்பத்தை நிறுவியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி கிடைத்துவிட்டது. அத்தகைய அடைமொழி எதுவும் வாய்க்காத ஒருவர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ். ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் சமூக வரலாற்றையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் தொடக்கத்தையும் அவரை விட்டுவிட்டு எழுத இயலாது.

1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவின் கிராவ்டென்ஸ் கோட்டையில் பிறந்தவர் இரேனியஸ். தந்தை பிரஷ்யப் படையின் அதிகாரி. மகன் சிறுவனாக இருக்கும்போதே மறைந்துவிட்டார். பெர்லினில் மிஷனரிகளைப் பயிற்றுவித்த பள்ளியில் கற்று, லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அவரை இந்தியாவுக்கு அனுப்பியதோ இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரி சங்கம். அக்காலத்தில் வெளிநாடு செல்ல முன்வந்த ஆங்கிலேயக் குருமார் மிகச் சிலரே. எனவே ஜெர்மானியரை ஏற்பதில் சங்கம் தயக்கம் காட்டவில்லை. லுத்தரன் பட்டத்தைப் பற்றி அன்று எவரும் கேள்வி எழுப்பவில்லை. பின்னாளில் எல்லாச் சிக்கலும் முளைத்தது இந்த இடத்தில்தான்.

1814 ஜூலையில் சென்னையில் கரையிறங்கிய அவர், தரங்கம்பாடியில் சில மாதங்கள் தங்கித் தமிழ் பயின்றார். சென்னையில் ஆறாண்டுகள் பணிபுரிந்தார். துண்டுப்பிரசுரங்களை வெளியிடுவதற்கென 1818இல் அங்கே ஒரு சங்கம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தார். 1820 ஜூலையில் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார்.

அவர் வந்தபோது திருநெல்வேலிக் கிறித்தவம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. குளோரிந்தா என்னும் பெண்மணி பாளையங்கோட்டையில் 1785இல் எழுப்பிய சிறு கோவிலில் தொடங்கிய சபை அது. சுவார்ட்ஸ் ஐயரின் மறைவுக்குப்பின் போதிய குருமார் இன்றிப் பல ஊர்கள் தனித்து நின்றன. இந்நிலையைக் கண்டு சர்ச் மிஷனரி சங்கத்துக்கு எழுதி ஆள் கேட்டவர், பாளையங்கோட்டைப் படைப்பிரிவின் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப். அவருடைய வேண்டுகோளின் பயனாகவே இரேனியஸ் தெற்கே வந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்தவை வியப்பூட்டுவன. ஊர் ஊராகச் சென்றார், பள்ளிகள் திறந்தார், உபதேசியார்களைத் தேர்ந்து பயிற்றினார். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் சபைகள் ஏற்பட்டன. மாணவர் விடுதியில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தியபோது சிலர் வெளியேறினர். அவர் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை.

மதம் மாறியவர்களுள் பெரும்பாலோர் பனையேறிகள். பிறர் நிலத்தில் குடியிருந்தவர்கள். நிலவுடைமையாளர் பகைத்தால் வீடும் தொழிலும் ஒருசேரப் போய்விடும். அறிவுரையும் செபமும் மட்டும் இதற்குப் போதா என்பதை இரேனியஸ் உணர்ந்திருந்தார். 1830இல் அவர் தொடங்கிய தருமசங்கம் இதற்கு விடையாக அமைந்தது. நன்கொடை திரட்டி நிலம் வாங்குவது, துரத்தப்பட்டோரை அங்கே குடியமர்த்துவது என்பது அதன் நோக்கம். இதற்கு முன்பே, 1827இல், பிரஷ்யப் பிரபு தோனா அளித்த பொருளுதவியால் ஓர் ஊர் உருவாகி, அவர் பெயராலேயே தோனாவூர் ஆயிற்று. மிஷன் ஊர்களை மதமாற்றத்தின் கணக்கேடாக மட்டும் பார்ப்பவர்கள், தனக்கென ஒரு காணி நிலம் கிடைப்பது ஒரு பனையேறிக் குடும்பத்துக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவருடைய தமிழ்ப்பணியும் இதே நோக்கிலிருந்து கிளைத்தது. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பல்லாண்டுகள் முறையாகத் தமிழ் கற்றார். அன்று வழங்கிவந்த பப்ரிசியுஸின் விவிலிய மொழிபெயர்ப்பு மூலத்தின் சொற்களை அடியொற்றிச் செல்வது. சொல்லுக்குச் சொல் நிற்பதைவிடக் கருத்து தமிழின் இயல்போடு அமைவதே மேல் என்று இரேனியஸ் கருதினார். மொழிபெயர்ப்புக் கொள்கை குறித்து 1827இல் தனி நூலே எழுதி வெளியிட்டார். அக்கொள்கைப்படி அமைந்த அவரது புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும் என்பதே அவர் அளவுகோல். மூலத்தை விட்டு விலகிய உரை என்று பழைய மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் குறைகூறினர். பின்னர் பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த திருத்தம் பப்ரிசியுஸின் பக்கமே சாய்ந்தது. மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் இன்று நடத்தும் வாதங்கள் அன்றே தொடங்கிவிட்டன என்பதற்கு இது சான்று. பூமி சாஸ்திரம் என்னும் புவியியல் நூலையும் (1832), கற்றோர் பேசியும் எழுதியும் வந்த தமிழுக்கு ஆங்கிலத்தில் ஓர் இலக்கணத்தையும் அவர் தந்தார்.

இனி அந்தப் பிளவு. தாம் பயிற்றிய தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்க வேண்டிய காலம் வந்தது. ஆங்கிலிக்கன் பேராயர் கையால்தான் அது நடைபெற வேண்டும் என்றது சங்கம். தாம் பெற்ற லுத்தரன் பட்டம் செல்லுமானால், தம் மாணவர்களுக்கும் அம்முறையே போதும் என்றார் இரேனியஸ். போதாததற்கு, இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைக் கண்டித்து ஒரு நூல் மதிப்புரையையும் அச்சிட்டார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது.

வழக்குப் பேசாமல் பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் பலர் விடவில்லை. திரும்பி வருமாறு எழுதினர். அவ்வாண்டு முடிவதற்குள் திரும்பினார். அதன்பின் நடந்தது துயரமானது. சங்கத்தின் பக்கம் சில ஊர்கள், இரேனியஸ் பக்கம் சில ஊர்கள் என்று சபை இரண்டாயிற்று; ஒரே ஊருக்குள்ளும் பிளவு நுழைந்தது. கோவிலும் பள்ளியும் யாருக்கு என்ற சண்டை மூண்டது. அவர் திரும்பியது சரியா? தம்மை நம்பிய மக்களைக் கைவிடலாகாது என்பது ஓர் அறம். தாம் கட்டியதைத் தாமே பிளக்கலாகாது என்பது மற்றோர் அறம். இரண்டையும் ஒருசேரக் காக்க அவருக்கு வழி இருக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வலுவானது: ஓர் அந்நியருக்குத் தேவைப்படாத தகுதி, அவர் உருவாக்கிய உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் ஏன் தேவைப்பட வேண்டும்?

1838 ஜூன் 5ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில் இரேனியஸ் மறைந்தார். அவருடைய துணைவர்கள் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர், பிளவும் ஆறியது. வேறொரு சங்கத்தைச் சார்ந்த கால்டுவெல், 1881இல் எழுதிய திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் அவருடைய ஆற்றலை மனம்திறந்து பாராட்டியிருக்கிறார். பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1826இல் அவர் கட்டி முடித்த திரித்துவ ஆலயம், அவரை நீக்கிய திருச்சபையின் பேராலயமாகப் பின்னாளில் உயர்ந்தது. தமிழ் உரைநடையின் வரலாறு அவருக்குத் தர வேண்டிய இடத்தை இன்னும் முழுமையாகத் தரவில்லை.