சளிக்காய்ச்சல் யாருக்குக் கடுமையாகும்? உடல் எடையும் நுரையீரலும்

இன்ஃபுளுவென்சா, கோவிட்-19 கிருமிகள் ஒல்லியானவரையும் தொற்றும், பருமனானவரையும் தொற்றும். தொற்றிய பிறகு பிராணவாயு தேவைப்படும் நிலைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகும் வாய்ப்பு பருமனானவர்களுக்கே அதிகம். ‘கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறார்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் எடையிலேயே அந்த ஆபத்து ஏறத் தொடங்கிவிடுகிறது.

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தனர். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. உடல் பருமன் இந்தியர்களிடையே அதிகம்.

பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் போன்ற வட்டாரங்களில் இதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாதுகாவலர்களாகவும் லோரி ஓட்டுநர்களாகவும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்களாகவும் இருக்கிறார்கள். நடை குறைந்துவிட்டது. சோறும், ரொட்டி சானாயும், பால் கலந்த தே தாரிக்கும் குறையவில்லை.

2009-இல் தெரிய வந்தது

எச்1என்1 காய்ச்சல் பரவிய 2009-இல் மருத்துவர்கள் இதை முதன்முதலாகத் தெளிவாகக் கவனித்தனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 10 நோயாளிகளில் 9 பேர் உடல் பருமன் உள்ளவர்கள். மூவர் இறந்தனர்.

கோவிட் காலத்தில் இது உறுதியானது. இங்கிலாந்தில் சுமார் 69 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23-ஐத் தாண்டியதிலிருந்தே கடுமையான கோவிட்டின் ஆபத்து படிப்படியாக ஏறுவது தெரிந்தது. 40 வயதுக்குக் குறைந்தவர்களிடம் எடையின் பாதிப்பு இன்னும் அதிகம். இனிப்புநீர், இருதய நோய் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

வயிற்றில் சேரும் கொழுப்பு, நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. மல்லாந்து படுக்கும்போது நிலைமை மோசமாகும். சளி அடைத்த நுரையீரலுக்கு அந்த இழப்பைத் தாங்கும் இடம் குறைவு.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ஓயாமல் சுரக்கிறது. அதனால் கிருமி நுழையும்போது முதலில் எழ வேண்டிய எதிர்ப்பு தாமதமாகிறது. பின்னர் எழும் அழற்சி அளவு மீறி நுரையீரலையே தாக்குகிறது.

நிகராகுவா நாட்டின் மனாகுவா நகரில் நடந்த ஆய்வில், இன்ஃபுளுவென்சா ஏ கிருமியால் நோயுற்ற பருமனான பெரியவர்களின் உடலிலிருந்து கிருமி 42 விழுக்காடு அதிக காலம் வெளியேறியது. சிறிய அடுக்குமாடி வீட்டில் தாத்தா பாட்டியும் குழந்தைகளும் சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி.

அளந்து பார்க்க

மலேசிய மருத்துவ வழிகாட்டி பிஎம்ஐ 23 முதல் கூடுதல் எடை என்றும், 27.5 முதல் உடல் பருமன் என்றும் கொள்கிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 63 கிலோவில் கூடுதல் எடையும் 75 கிலோவில் உடல் பருமனும் தொடங்குகின்றன.

இடுப்பளவும் முக்கியம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். கை கால் மெலிந்து தொப்பை மட்டும் உள்ளவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

காய்ச்சல் வந்தால்

எடை குறைய மாதக்கணக்காகும். அதற்குள் காய்ச்சல் வந்தால், எல்லை தாண்டியவர்கள் ‘இரண்டு பெனடோல் போட்டால் போகும்’ என்று நாள் கடத்தக் கூடாது.

• இன்ஃபுளுவென்சாவுக்கான ஒசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் நன்கு பலன் தரும். ஆகவே முதல் நாளே கிளினிக்கிற்குச் செல்வது நல்லது.

• மூச்சுத் திணறல் தெரியாமலேயே பிராணவாயு குறையக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 95-க்குக் கீழே காட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு இருந்தால் 999-ஐ அழைக்க வேண்டும்.

• இனிப்புநீர் உள்ளவர்கள் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். காய்ச்சலில் அது ஏறும்.

• இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். ஊசி போட்டும் பருமனானவர்களுக்குக் காய்ச்சல் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே கூட்டமான இடங்களில் முகக்கவசத்தையும் கைவிடக் கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்களும் ஊசி போட்டுக்கொண்டால் பாதுகாப்பு கூடும்.