உடைந்த சில்லின் சாட்சியம்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பழம்பீங்கான் பாவையொன்று கைக்கு வந்தால், அதன் தொன்மையை எதைக் கொண்டு துணிவது? சுண்டினால் எழும் தெளிந்த ஒலி விரிசலின்மையைக் காட்டும். புறஊதா ஒளி பிற்கால ஒட்டுவேலையைப் பெரும்பாலும் வெளிப்படுத்தும். இவை பொருளின் நிலையை உணர்த்துமேயன்றிக் காலத்தைச் சொல்லா. அடிப்புற அரச முத்திரையும் முடிவான சான்றன்று. முன்னைய மன்னர் முத்திரையைப் பிற்காலச் சீனக் குயவர் மதிப்புக் கருதியும் பொறித்ததுண்டு.

அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இடைக்காலச் சீனப் பச்சைப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. தெற்கே பெரியபட்டினத்திலும் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சில்லுகள் வெளிப்பட்டன. இப்னு பதூதா குறிப்பிடும் ஃபத்தன் அவ்வூரே என்பர் ஆய்வாளர் சிலர். அவை உடைந்தவை, ஆயினும் கிடைத்த இடம் அறியப்பட்டவை. இஸ்நாத் இல்லாத அறிவிப்பை ஹதீஸ் கலை ஏற்பதில்லை. வந்த வழி தெரியாத அழகும் வரலாற்றுச் சான்றாகாது. முன்னோர் பொருளைப் பேணுவோர் அதன் வழியையும் எழுதிவைத்தல் வேண்டும்.